இருபத்திரண்டு நிமிடத்தில் முடிந்த ‘ரெண்டாளு’

1. இடைவேளை என்று நினைத்தார்கள்

கடைசி ட்ராக் முடிந்ததும் சத்தத்தைக் குறைக்கும் ஃபேடரைக் கீழே இறக்கினேன். மண்டபத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் கை தட்டவும் இல்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் எழுந்து போய் டீ வாங்கிக்கொண்டு வந்து, அதே நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டார். நான் மிக்ஸருக்குப் பின்னால் நின்றிருந்ததால் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“ஏன்க்கா, செகண்ட் ஹாஃப் எப்போ போடுவீங்க?”

“அவ்வளவுதாங்க.”

“எது அவ்வளவுதான்?”

“ஆல்பம்.”

அவர் மணி பார்த்தார். நானும் பார்த்தேன். சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம், ஞாயிற்றுக்கிழமை மதியம். ராசிபுரம், திருச்செங்கோடு, மோகனூர் என்று எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வந்திருந்தார்கள். ஒன்றரை வருடமாக எல்லோரும் எதிர்பார்த்த ஆல்பம் அது. முதல்முறையாகப் போட்டுக் காட்டத்தான் கூட்டியிருந்தோம். வந்த பயணத்தில் பாதி நேரம்கூட அது ஓடவில்லை. சரியாக இருபத்திரண்டு நிமிடம்.

ஆல்பத்தைப் பண்ணிய இரண்டு பேரும் மேடையில் இருந்தார்கள். ஜெரி கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரவணன் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். விஷயம் புரிந்த பிறகு பின்வரிசையில் நாலைந்து பேர் கை தட்டினார்கள். விருந்துக்கு வந்துவிட்டு, சாப்பாடு சரியில்லை என்று சொல்லத் தயங்குகிறவர்கள் தட்டுவதுபோல இருந்தது அது.

ஒலிப்பதிவு வேலையில் எனக்கு முப்பத்தொரு வருடம். மைக் வெடித்திருக்கிறது. கம்ப்யூட்டர் செத்து முழுப் பதிவும் போயிருக்கிறது. கும்பாபிஷேகத்தில் ஆம்ப்ளிஃபயருக்குத் தீப்பிடித்து, அதை நான் மண் போட்டு அணைத்திருக்கிறேன். அந்த மதியம்போல எங்காவது ஓடிவிடலாமா என்று எனக்கு எப்போதும் தோன்றியதில்லை. ஏனென்றால் அன்று எந்த மெஷினும் பழுதாகவில்லை. எல்லாம் சரியாகத்தான் கேட்டது.

2. ஆல்பத்துக்கு முன்னால்

என் பெயர் லூர்துமேரி. அரிசிப்பாளையத்தில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மாதா பாட்டு, மாரியம்மன் பாட்டு, தேர்தல் வந்தால் ஆட்டோவில் வைக்கும் பிரச்சாரம், நகைக்கடை விளம்பரம் எல்லாம் அங்கே பதிவாகும். தாளத்துக்கு வரிகளைப் பேசுகிற ஹிப்ஹாப் எனக்குப் பழக்கமில்லாத சங்கதி. அதை எனக்குப் பழக்கியவர்கள் இந்த இரண்டு பேர்தான்.

ஜெரி எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்தவன். முப்பதைத் தொடும் வயது. கொலுசுப் பட்டறையில் பாலிஷ் வேலை. பார்க்கவே பார்க்காத கால்களுக்குத் தினமும் கொலுசு தேய்க்கிற ஒருவனைப் பற்றி அவன் எழுதிப் பேசிய பாட்டை நான்தான் பதிவு செய்தேன். மூன்றே நிமிடப் பாட்டு. அது சேலத்தில் எங்கெல்லாம் பரவியது என்றால், என் பல் டாக்டரின் ரிசப்ஷன் பெண்ணுடைய போனில் ரிங்டோனாக இருந்தது.

சரவணன் திருச்செங்கோட்டுக்காரன். ஜெரியின் வயதுதான். போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வருடத்தில் எட்டு மாதம் வெளி மாநிலத்தில் இருப்பான். எண்ணூறு அடி இறக்கியும் புழுதி மட்டுமே வந்த ஒரு குழியைப் பற்றி அவன் பாட்டுப் பண்ணினான். ரிக் வண்டிக்காரர்கள் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

இணையத்தில் இரண்டு பாட்டுக்கும் கீழே ஜனங்கள் ஒரே விஷயத்தை எழுதினார்கள்: இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு பண்ணா எப்படி இருக்கும்? அதைப் படித்துத்தான் இருவரும் ஒருவரையொருவர் தேடிப் பிடித்துப் பழகினார்கள். ஒரு மழைக்காலத்தில் ரிக் ஓடாமல் நின்ற நாட்களில், இரண்டு பேரும் என் ஸ்டுடியோவுக்கு வந்து மதியம் முழுக்கச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது சரவணன் சொன்னான்:

“அக்கா, நாங்க ஆல்பம் பண்றோமுங்க. பேரு ‘ரெண்டாளு’. ஊருக்கெல்லாம் சொல்லிட்டோமுங்க.”

“பாட்டு எத்தனை ரெடியா இருக்கு?”

“பாட்டு இன்னும் ஒண்ணும் இல்லீங்க.”

மூன்று பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு சென்னையிலிருந்து ஒரு கம்பெனி பேசியது. ஆல்பம் வரட்டும், பார்த்துவிட்டு, மூன்று வருடம் இருவரும் சேர்ந்தே பாட்டுப் போடுவதாக ஒப்பந்தம் எழுதலாம் என்றார்கள். சரவணன் ரிக் வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தான். வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அது தவழ ஆரம்பித்ததை அவன் போனில்தான் பார்த்திருந்தான்.

3. ஒரு பொய் அறை

அடுத்த சீசனுக்கு ரிக் மத்தியப் பிரதேசம் போனது. சரவணன் லாரி கேபினில் கண்ணாடிகளைப் போர்வையால் மூடிக்கொண்டு போனில் பேசிப் பதிந்து அனுப்புவான். ஜெரி பட்டறை முடிந்து சாயங்காலம் என் ஸ்டுடியோவுக்கு வந்து பேசுவான். இரண்டையும் சேர்த்துப் பாட்டாக்குவது என் வேலை. நடுவில் மழைக்காலம் வந்து சரவணன் ஊரில் இருந்தபோதும், ஜெரி ஏதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட, அவன் வீட்டிலிருந்தே பேசி அனுப்பினான்.

முதல் மாதமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஜெரி எட்டு வரி பேசுவான், நிறுத்திவிடுவான். அதில் மூன்று வரி அவனுடைய பழைய கொலுசுப் பாட்டில் இருந்ததைத் திருப்பிப் போட்டதாக இருக்கும். “மீதியை அடுத்த வாரம் பாத்துக்கலாம்க்கா” என்பான். அடுத்த வாரம் வருவான், அதே எட்டு வரியை வேறு மாதிரி பேசுவான். இதைக் கேட்டுவிட்டு சரவணனும் எட்டு வரிதான் அனுப்புவான்.

அப்படி வைத்துக்கொண்டு ஒன்றரை வருடத்தில் நாலு பாட்டுத் தேறியது. ஒரு பாட்டில் ஹுக் என்கிற பல்லவி மட்டும் ஆறு தடவை வரும். நாலு பாட்டை ஆல்பம் என்று சொல்ல முடியாது என்பதால் இடையில் நிரப்ப ஆரம்பித்தார்கள். ஆரம்பத்தில் கூட்டம் ஆரவாரம் செய்யும் சத்தம். நடுவில் இருவரும் போனில் பேசுவதுபோல ஒரு ஸ்கிட், அதாவது குட்டி நாடகம். அதையும் தனித்தனியாகப் பேசித்தான் நான் ஒட்டினேன். டீக்கடையில் இரண்டு பேர் இவர்களைப் புகழ்ந்து பேசுவதுபோல இன்னொரு ஸ்கிட். அதில் டீ மாஸ்டர் குரல் என் வீட்டுக்காரருடையது. அப்புறம் பேச்சே இல்லாமல் வெறும் தாளமாக ஒரு பீட். கடைசியில் நண்பர்களுக்கு நன்றி சொல்லும் இரண்டு நிமிடம். ஒன்பது ட்ராக், அதில் ஐந்து ஒப்புக்கு.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு, அது சரியான காரணம் இல்லை.

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த ஸ்டுடியோவின் முதலாளி நல்ல மனிதர், கறாரானவர். சேர்ந்த இரண்டாம் வாரம் ஒரு பக்திப் பாட்டுக்காரரிடம், “சார், இந்த மெட்டு இழுக்குது” என்று சொல்லிவிட்டேன். அவர் பாதியில் எழுந்து போய்விட்டார். முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார்.

“பாட்டு நல்லா இருக்கா இல்லையானு நம்ம சொல்லக் கூடாதும்மா. சத்தம் சரியா இருக்கானு மட்டும் சொல்லு. சரக்கு அவங்களது. சத்தம் நம்மளது.”

அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு முப்பது வருடம் ஓட்டினேன். தொழிலுக்கு அது வசதியாகவும் இருந்தது. யாருடனும் மனக்கசப்பு இல்லை. மோசமான பாட்டு வந்தாலும் “சவுண்டு சூப்பரா வந்திருக்குங்க” என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை.

‘ரெண்டாளு’வில் நான் அதற்கும் ஒரு படி மேலே போனேன். லாரி கேபினில் பேசிய குரலும் ஸ்டுடியோவில் பேசிய குரலும் ஒன்றாக உட்காரவே இல்லை. ஒன்று கம்பளிக்குள்ளிருந்து வந்தது, இன்னொன்று கண்ணாடிக்குள்ளிருந்து. ரெவெர்ப் என்று ஒன்று இருக்கிறது. ஓர் அறையின் எதிரொலியைச் செயற்கையாக உண்டாக்கிக் குரலோடு சேர்ப்பது. நான் நாலு நாள் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒரே அறையில் எதிரெதிரே நின்று பேசுவதுபோல அந்த எதிரொலியைப் பொருத்தினேன். என் வேலையில் அது சிரமமான காரியம். முடித்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அந்த மழைக்கால மதியத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரே அறையில் இருந்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

4. தங்கமணி கேட்டது

மண்டபத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. நான் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நாற்பது வயதிருக்கும் ஓர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். பெயர் தங்கமணி என்றார். நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் வேலை. மோகனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

“நீங்கதானுங்க இந்தப் பாட்டையெல்லாம் சேத்துனது?”

“ஆமாங்க.”

“தப்பா நெனச்சுக்காதீங்க. சரவணன் தம்பி பாட்டு இல்லாம நான் வேலையே செய்யமாட்டனுங்க. அந்தக் கொலுசுப் பாட்டும் அப்புடித்தான். அதுனாலதான் கேக்கறேன். ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் சண்டையுங்களா?”

“இல்லையே. ஏன்?”

“ஒரு பாட்டுலயும் ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லீங்களே. அவரு பாட்டுக்கு அவரு பேசறாரு, இவரு பாட்டுக்கு இவரு பேசறாரு. ஒருத்தரு சொன்னதுக்கு இன்னொருத்தரு ஒரு ‘ம்’ கூடக் கொட்டலீங்க. போன்ல பேசற மாதிரி ஒண்ணு வந்துச்சு பாருங்க, அதுலயுங்கூட ரெண்டு பேரும் தனித்தனியாத்தான் இருந்தாங்க.”

எந்தச் சவுண்டு இன்ஜினியரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாலும் என் ரெவெர்ப் வேலையைக் கண்டுபிடித்திருக்க மாட்டார். இந்த அம்மாவுக்கு அது தேவையே படவில்லை. அவர் அறையைக் கேட்கவில்லை, ஆட்களைக் கேட்டிருக்கிறார்.

“சண்டை இருந்தா யாராச்சும் சேத்தி வெய்யிங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே ஆல்பம் இணையத்தில் வெளியானது. திங்கட்கிழமை முழுக்க ஏமாற்றம்தான். திட்டியவர்கள் குறைவு. வருத்தப்பட்டவர்கள்தான் அதிகம். ‘இதுக்கா ஒன்றரை வருஷம்’ என்று ஒருவர். ‘டீக்கடை ஸ்கிட்டில் டீ மாஸ்டர் மட்டும் நன்றாக நடித்திருக்கிறார்’ என்று ஒருவர். என் வீட்டுக்காரர் அதை மூன்று பேருக்குப் படித்துக் காட்டினார்.

5. செவ்வாய்க்கிழமை காலை

சரவணன் புதன்கிழமை ரிக்குக்குத் திரும்ப வேண்டும். செவ்வாய் காலை இரண்டு பேரையும் ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னேன். ஜெரி பட்டறைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தான். சோபாவில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

நான் சுற்றி வளைக்கவில்லை. தங்கமணி கேட்டதை அப்படியே சொன்னேன்.

“சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க்கா” என்றான் சரவணன்.

“சண்டை இல்லக்கா” என்றான் ஜெரி.

நான் நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

“அப்ப நானே என் தப்பைச் சொல்லிடறேன்” என்றேன். “நீங்க ஒரு நாளும் சேந்து நின்னு பேசலை. நான்தான் சேந்து நிக்கற மாதிரி பண்ணி வெச்சேன். எட்டு வரி எட்டு வரியா வந்தப்பவே ‘ஏன்’னு கேட்டிருக்கணும். கேக்கலை. ஸ்கிட்டு வேணும்னீங்க, போட்டேன். கூட்டம் கத்தற சத்தம் வேணும்னீங்க, போட்டேன். பாதி ஆல்பம் காலின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே சவுண்டு நல்லா வந்திருக்குன்னு சொன்னேன்.”

ஜெரி தலையைக் குனிந்தபடியே சொன்னான்: “எனக்கு வரலைக்கா.”

“எது?”

“வரி. கொலுசுப் பாட்டுக்கப்புறம் ஒரு வரிகூட வரலை. பேப்பரை வெச்சுக்கிட்டு தினம் உக்காருவேன். எனக்குச் சொல்ல இருந்தது அது ஒண்ணுதான் போலிருக்கு. சொல்லிட்டேன். ஆனா ஊருக்கெல்லாம் ஆல்பம்னு சொல்லியாச்சு. இவன் வேலையை விடறேங்கறான். கம்பெனிக்காரன் மூணு வருஷங்கறான். மூணு வருஷம்னு கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கலைக்கா.”

சரவணன் தன் போனை எடுத்து அவனிடம் நீட்டினான். ஜெரி வாங்கி மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தான். அது போய்க்கொண்டே இருந்தது. ரிக் ஓரத்தில் உட்கார்ந்து எழுதியவை. ஒவ்வொன்றும் பதினாறு வரி, இருபது வரி.

“இதெல்லாம் எப்போ எழுதுனே?”

“போன சீசன்லடா.”

“ஏன்டா அனுப்பலை?”

“நீ எட்டு வரி அனுப்புனே. நான் நாப்பது வரி அனுப்புனா நல்லாவாடா இருக்கும்? ரெண்டாளுன்னு பேரு வெச்சிட்டோம். நீ எட்டுன்னா நானும் எட்டு.”

ஜெரியின் முகம் சிவந்தது. “என்னைப் பாவம் பாத்தியா நீ?”

“பாவம் பாக்கலடா. நான் ஒருத்தனே பேசுனா ஊரு உன்னைய என்ன சொல்லும்?”

“இப்ப மட்டும் என்ன சொல்லுச்சாம்?” என்று ஜெரி கத்தினான். எழுந்து நின்றுவிட்டான். நான் பயந்துபோனேன். தங்கமணி பயந்த சண்டை நம் சோபாவிலேயே நடக்கப்போகிறது என்று நினைத்தேன். நின்றவன் சரவணனைப் பார்த்தான். அப்புறம் குரல் இறங்கியது.

“இடைவேளைன்னு நெனச்சாங்கடா.”

முதலில் சரவணன்தான் சிரித்தான். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தான். பிறகு ஜெரி. பிறகு நான். ஒன்றரை வருடமாக மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்ற பாரத்தைக் கீழே போட்டோம். அது சுக்கலாக உடைந்துவிட்டது. உடைந்ததே நல்லது என்று இருந்தது. ஜெரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

“நல்லவேளைடா, யாருக்கும் பிடிக்கலை. பிடிச்சிருந்தா மூணு வருஷம் நான் செத்திருப்பேன்.”

6. கேப்-3

கொஞ்சம் ஆறிய பிறகு நான் கேட்டேன்: “ஜெரி, இந்த ஒன்பதுல உனக்குன்னு பிடிச்சது ஏதாவது இருக்கா?”

அவன் யோசிக்கவே இல்லை. “அந்தப் பேச்சில்லாத பீட்டுதான்க்கா. அதை மட்டும்தான் ஆசையா பண்ணேன்.”

பட்டறையில் பாலிஷ் டிரம் சுற்றும்போது உள்ளே கொலுசுகள் உரசும் சத்தத்தை அவன் பதிந்து வந்திருந்தான். சரவணன் எப்போதோ அனுப்பிய ரிக் கம்ப்ரஸர் சத்தத்தைக் கீழே வைத்து, இரண்டையும் சேர்த்துத் தாளமாக்கியிருந்தான். என் கம்ப்யூட்டரில் அந்த ஃபைலுக்கு நான் வைத்திருந்த பெயர் ‘கேப்-3’. எனக்கு அது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலிருந்த வெற்றிடம். அவனுக்கு அதுதான் பாட்டாக இருந்திருக்கிறது. மிக்ஸ் செய்தபோது அதை இரண்டு தடவைக்கு மேல் நான் கேட்டதில்லை.

அதைத் திரும்பப் போட்டேன். மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். ஜில்லென்று உரசிக்கொண்டு வரும் சத்தம், அடியில் கம்ப்ரஸர் இழுத்து விடும் மூச்சு. சரவணன் தன் போனில் ஒரு பக்கத்தைத் திறந்தான்.

“அக்கா, மைக் ஆன் பண்ணுவீங்களா?”

“ஜெரி, நீயும் உள்ளே போ” என்றேன்.

“நான் எதுக்குக்கா? எனக்குத்தான் வராதே.”

“பேச வேண்டாம். சும்மா நில்லு.”

ஒலிப்பதிவு பூத்துக்குள் ஒரே மைக் முன்னால் இருவரும் நின்றார்கள். சரவணன் பேச ஆரம்பித்தான். குழிக்குள் ராடு மேல் ராடாக இறக்கிக்கொண்டே போகிற ஒரு நாளைப் பற்றிய வரிகள். அறுநூறு, எழுநூறு, எண்ணூறு என்று போய் அவன் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினான். பக்கத்தில் நின்ற ஜெரி தன்னை மறந்து கேட்டுவிட்டான்:

“தண்ணி வந்துச்சா?”

சரவணன் திரும்பி அவனைப் பார்த்து, “எங்கடா வந்துச்சு” என்று சிரித்துவிட்டு, சரியாகத் தாளத்தில் விழுந்து அடுத்த வரிக்குப் போனான். டேக் முடிந்ததும் ஜெரி பதறிப்போய், “சாரிக்கா, கெடுத்துட்டேன், இன்னொண்ணு எடுக்கலாம்” என்றான்.

“இன்னொண்ணு எடுக்கப் போறதில்லை” என்றேன்.

அந்த டேக்குக்கு நான் ரெவெர்ப் எதுவும் போடவில்லை. என் பூத்து எட்டடிக்கு ஆறடி. அதில் இரண்டு பேர் நின்றால் எப்படி இருக்குமோ அப்படியே விட்டுவிட்டேன்.

7. எப்படி முடிந்தது

ஆல்பத்தை அவர்கள் எடுத்துவிடவில்லை. அது இன்னும் இருக்கிறது. யாராவது கேட்டால், “ஆமாங்க, அது சரியா வரலீங்க” என்று சரவணன் சொல்லிவிடுவான். சென்னைக் கம்பெனி இன்னும் நாலு பாட்டு சேர்த்துத் திரும்ப வெளியிடலாம், அப்புறம் ஒப்பந்தம் பேசலாம் என்றது. ஜெரி போனை ஸ்பீக்கரில் போட்டு, எங்கள் எதிரிலேயே, “வேண்டாம் சார். ரொம்ப நன்றி சார்” என்று சொன்னான். வைத்த பிறகு, முழு ஆண்டுப் பரீட்சை கடைசி நாளில் பள்ளிக்கூடத்தை விட்டு வருகிற பையன்போல இருந்தான்.

சரவணன் புதன்கிழமை ரிக்குக்குப் போனான். வேலையை விடவில்லை. அதில் அவனுக்கு வருத்தம் உண்டு, அதை மறைத்து எழுத வேண்டியதில்லை. குழந்தை பால்வாடிக்குப் போக ஆரம்பித்ததையும் போனில்தான் பார்த்தான். ஆனால் போர்வெல் ஓடாத மழை மாதங்களில் வருகிறான். கையில் எழுதி வைத்ததோடு வருகிறான். ஜெரி பீட் போடுகிறான். இரண்டு பாட்டு வந்திருக்கிறது. இரண்டிலும் ஜெரியின் பேச்சு மொத்தமே பத்து வார்த்தை தேறாது. கேள்வி கேட்பான், சிரிப்பான், ஒருமுறை இருமினான். ஜனங்கள் அந்த இடங்களைத்தான் திரும்பச் சொல்கிறார்கள். பெரிய புகழ் ஒன்றும் வரவில்லை. பாட்டு நன்றாக இருக்கிறது.

ஜெரியின் அம்மா ஒரு நாள் பூசை முடிந்து என்னை மாதா கோயில் வாசலில் நிறுத்தினார். “லூர்து, அவன் இப்ப வயிறாரச் சாப்பிடறான்” என்று மட்டும் சொன்னார். அவன் வயிறு வற்றியிருந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

8. இப்போது நான் கேட்கிற கேள்வி

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். ஒரு பாட்டு வெளியே போவதற்கு முன்னால் அதை அதிகத் தடவை கேட்கிற ஆள் நீங்கள்தான். எழுதியவரைவிட, பாடியவரைவிட அதிகமாகக் கேட்டிருப்பீர்கள். உங்களுக்கு ஒன்று உறுத்தினால் சொல்லுங்கள். ‘நல்லா இல்லை’ என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ‘இது எதுக்காக இங்கே இருக்கு?’ என்று கேட்டால் போதும். என் முதலாளி சொன்னது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அவர் தொழிலைக் காப்பாற்றச் சொன்னார். நான் அதை என்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்துக்கொண்டேன்.

போன மாதம் மேச்சேரியிலிருந்து ஆட்டு வியாபாரி ஒருவர் வந்தார். தன் ஊர் அம்மன் பேரில் அவரே எழுதிய பாட்டு. நல்ல கணீர்க் குரல். முதல் இரண்டு சரணம் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்றாவது சரணத்தில் அம்மனை விட்டுவிட்டு ஊர்ப் பெரிய மனிதர்கள் பெயராக அடுக்க ஆரம்பித்தார். ரெக்கார்டிங்கை நிறுத்தினேன். முப்பது வருடப் பழக்கத்தில் ‘சவுண்டு சூப்பரா வந்திருக்குங்க’ என்றுதான் வாயில் வந்தது. அதை விட்டுவிட்டுக் கேட்டேன்:

“அண்ணா, இந்த மூணாவது சரணம் எதுக்காக இருக்கு?”

அவர் முகம் மாறியது. ஹெட்ஃபோனைக் கழற்றினார். எழுந்து போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பூத்தை விட்டு வெளியே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவங்க பேரு இல்லைன்னா கோவிச்சுக்குவாங்கன்னு போட்டனுங்க. பாடிப் பாத்த நாள்ல இருந்து எனக்கே அது ஒட்டலீங்க. யாராச்சும் ஒருத்தரு வேண்டாம்னு சொன்னா எடுத்துடலாம்னு காத்துக்கிட்டு இருந்தனுங்க. எட்டுப் பேருகிட்டப் பாடிக் காட்டினேன். ஒருத்தரும் சொல்லலீங்க.”

பேப்பரை எடுத்து அந்தச் சரணத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகு உள்ளே போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, “இப்பப் போடுங்க சாமி” என்றார்.